வடு இல்லாத வைசூரி

கண்டக்குழிக்கு வைசூரியைக் கொண்டுவந்தது ஒரு மூட்டைப்பூச்சி என்று சொன்னால் மருத்துவம் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வருடம் எங்கள் கரையில் யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து நின்று சிரிப்பதற்கு அரசாங்கக் கச்சேரியில் தடை போட்டிருந்தார்கள்.

வருடம் முப்பத்தெட்டு. மனுவேலின் பெண்சாதி பிரான்சிஸ்காவுக்குக் கலியாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லை. எட்டாம் வருடம் இசபெல் பிறந்தாள். நேர்த்திக்கடன் தீர்க்க, நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போனாள். பாய் வாடகைக்கு விடும் ஒருவனிடம் பழைய பாய் ஒன்று எடுத்து, கிடுகுக் கொட்டிலில் மூன்று நாள் தங்கினாள். குழந்தை மேலே ஏணையில் தூங்கியது. தாய் கீழே பாயில், ஏணையைப் பார்த்தபடி வலப்பக்கம் சரிந்து கிடந்தாள். அந்தப் பாயில் அவளுக்கு முன்பே குடியிருந்தவை வெளியேறவில்லை. வீட்டுக்கு வந்தபோது கழுத்திலிருந்து கணுக்கால் வரை வலப்பக்கம் முழுவதும் சிவந்த தடிப்புகள், நூல் பிடித்து வைத்ததுபோல மும்மூன்றாக. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஏணையில் கிடந்த குழந்தைக்கும் ஒன்றும் இல்லை.

இதைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் பார்க்க வந்தவர் சின்னப்பிள்ளை அல்ல, சனிட்டறி இன்ஸ்பெக்டர்.

அல்பிரட் என்ற அந்த மனிதர் கொழும்பில் சோதனை பாஸ் பண்ணி இரண்டு மாதத்துக்கு முன்தான் இந்தப் பக்கம் வந்திருந்தார். சைக்கிளில் போகும்போதும் சட்டைப் பையில் ஒரு கைப்புத்தகம் வைத்திருப்பார். சுதேசிகளின் பழக்கவழக்கங்களை எல்லாம் ஒரு வெள்ளைக்காரர் அதில் வரிசைப்படுத்தியிருந்தார். நாற்பத்திரண்டாம் பக்கத்தில், வேப்பிலை கட்டிய வீட்டில் அம்மை இருக்கும் என்று போட்டிருந்தது. பிரான்சிஸ்கா சொறி தாங்காமல் வேப்பிலை அவித்துக் குளித்துவிட்டு, மிஞ்சிய கொப்பை வேலியில் செருகியிருந்தாள். வேலிக்குப் பின்னால், வாசல் நிலைக்கு மேல் ஒரு சிலுவை. சிலுவை வைத்த வீட்டில் வேப்பிலை எப்படி வரும் என்று அல்பிரட் சைக்கிளில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்று யோசித்தார். வேப்பிலையை மறைக்கத்தான் சிலுவையை வைத்திருக்கிறார்கள் என்று முடிவெடுத்தார்.

"ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. எனக்கு மூட்டை கடிச்சது. அதுக்குத்தான் வேப்பிலை அவிச்சனான்." அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

அல்பிரட் இருபது அடி பின்னால் போய் நின்று, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். இனிக் கேள்விகள் எல்லாம் கூவித்தான் கேட்கப்பட்டன. அதனால் ஊர் முழுவதற்கும் கேட்டது.

"காய்ச்சல்?"

"இல்லை ஐயா."

"இல்லையெண்டால் கட்டத்தில என்ன எழுதுறது?" அவர் 'மறைந்துள்ளது' என்று எழுதினார். "தலையிடி?"

"இல்லை. சொறியுது ஐயா. சரியாச் சொறியுது. அதை எழுதுங்கோ."

"சொறிக்குக் கட்டம் இல்லை."

அவள் இடது தோளைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அம்மைப்பால் குத்திய இரண்டு பழைய தழும்புகள். "இஞ்ச பாருங்கோ. பால் குத்தின ஆள் நான்."

அல்பிரட் பொறுமையாக விளக்கினார். "அரசாங்கத்தின்ர பால் பிழைக்காது. பால் குத்தினவளுக்கு வைசூரி வராது. உனக்கு வைசூரி வந்திருக்கு. அப்ப அது பால் குத்தின தழும்பு இல்லை. அரசாங்கத் தழும்பைக் கள்ளமாய்ப் போட்டது வேற குற்றம். அதை நான் எழுதேல்ல. நான் இரக்கமுள்ள ஆள்."

மனுவேலின் தங்கச்சி மாக்கிறட் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஐயா, இந்தப் பிள்ளையின்ர மேலைப் பாருங்கோ, ஒரு பொட்டு இருக்குதோ? தாயோட ஒட்டிக்கொண்டு கிடந்த பிள்ளை. தொத்துற வருத்தம் எண்டால் இதுக்கு வந்திருக்காதோ?"

"சரியாச் சொன்னாய்," என்றார் அல்பிரட். "இன்னும் வரேல்ல. வரமுன்னம் தாயைப் பிரிக்கவேணும்."

"பால் குடிக்கிற பிள்ளை!" என்று பிரான்சிஸ்கா கத்தினாள்.

அதற்கும் கட்டம் இருக்கவில்லை. பின்னேரம் மாட்டுவண்டி வந்தது.

கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு வெறும் மணல்மேட்டில், ஒரு நீளக் கிடுகுக் கொட்டில். அதற்குள் அரசாங்க முத்திரை சுட்ட நாலு மரக்கட்டில். சாப்பாட்டை ஒரு காவலாள் எட்டத்திலுள்ள கல்லில் வைத்துவிட்டு ஓடுவான். கொட்டிலில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். கற்பிட்டிப் பக்கத்து ஜுனைதா. நாற்பது வயது, கன்னத்திலும் கையிலும் கறுத்த பொருக்குகள். பிரான்சிஸ்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா புள்ள, பயப்புடாத," என்றாள் ஜுனைதா. "முந்திரிக்கொட்ட சுட்டு ஒடைக்கக்கொள்ள பால் தெறிச்சி வெந்த காயம் இது. அந்த சனிட்டறிக்கிட்ட செல்லிப் பாத்தன், கேக்கல்ல. ஒனக்கு?"

"மூட்டை கடிச்சது, ராத்தா."

ஜுனைதா கொட்டிலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "யா அல்லா! அப்ப இந்த வைசூரிக் கொட்டில்ல வைசூரி ஆருக்குத்தான் இரிக்கி?"

விடிந்ததும் பிரான்சிஸ்காவின் இடப்பக்கமும் வலப்பக்கத்தைப் போலானது. அரசாங்கக் கட்டிலின் மூட்டைகள் பக்கம் பார்ப்பவை அல்ல.

மார்பு கட்டிக் கல்லாகி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாலைப் பீச்சினாள். விட்டால் வற்றிவிடும், வற்றினால் குழந்தைக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கொட்டிலுக்குப் பின்னால் குந்தி மணலில் பீச்சுவாள். மணல் ஒரு நொடியில் குடித்துவிடும். எறும்புகள் வரும். காவலாள் இதைக் கண்டு அல்பிரட்டிடம் சொன்னான். மறுநாள் ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு கட்டளையும் வந்தன: நோயாளி வெளியேற்றும் திரவத்தின்மேல், வெளியேற்றிய உடனே, நோயாளியே சுண்ணாம்பு தூவவேண்டும். அவள் தூவினாள். ஜுனைதா அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் டொக்டர் துரை காரில் வருவார். வைத்திய அதிகாரி நோயாளிக்கு இருபது கஜத்துக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது அவரே எழுதிய விதி. ஆகவே மேட்டின் அடியில் ஒரு கதிரை போட்டு, தூரக்கண்ணாடியால் பார்த்து நோயைக் கண்டறிவார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல முதலியார் பரமலிங்கம் பக்கத்தில் நிற்பார்.

"கடைசிப் பரு வந்து பதினாறு நாள் போனால் உன்னை விடலாம் என்று துரை சொல்கிறார். ஆனால் புதுப் பரு தெரிகிறதாம். ஆகவே இன்றைக்கு ஒன்றாம் நாள்."

"போன செவ்வாயும் ஒண்டாம் நாள்தானே முதலியார்!"

"ஓம். துரை சொன்ன சொல் மாறமாட்டார்."

"இது கட்டில்ல இருக்கிற மூட்டை கடிக்கிறது. எழுதிக் குடுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

முதலியார் ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. அவர் நெடுநேரம் பேசினார். முதலியார் தொண்டையைச் செருமினார். "துரை சொல்கிறார்: அரசாங்கக் கட்டில்கள் மார்ச் மாதம் பரிசோதிக்கப்பட்டன. மூட்டைப்பூச்சி என்ற கட்டத்தில் பூச்சியம் என்று துரையே எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். ஒரு பூச்சி இருக்கிறது என்றால் துரையின் கையெழுத்து பொய். துரையின் கையெழுத்து பொய் என்றால் போன வருடம் அவருக்குக் கிடைத்த சம்பள உயர்வும் பொய். அது எப்படி முடியும் என்று கேட்கிறார்."

ஜுனைதா உள்ளே ஓடிப்போய்க் கட்டில் சட்டத்தின் இடுக்கிலிருந்து கொழுத்த மூட்டை ஒன்றைப் பிடித்து வந்து, விரல் நுனியில் நசுக்கி உயர்த்திக் காட்டினாள். துரை தூரக்கண்ணாடியைத் திருகினார், ஏதோ சொன்னார்.

"உன் விரலில் ஒரு புதுப் பரு வந்திருக்கிறதாம்," என்றார் முதலியார். "உனக்கும் இன்றைக்கு ஒன்றாம் நாள்."

வெளியே மனுவேல் சும்மா இருக்கவில்லை. பெண்சாதியின் கைரேகை வைத்த மனு ஒன்றைக் காவலாள் மூலம் எடுப்பித்துக் கச்சேரிக்குக் கொண்டுபோனான். தொற்றுநோய் இடத்திலிருந்து வந்த காகிதம் என்று அதை ஒரு கிளார்க் குறட்டால் பிடித்து வாளிக்குள் போட்டு எரித்தார். எரித்ததற்கு ரசீது தந்தார். விசாரணை முடிந்ததா என்று மனுவேல் கேட்டான். மனு கிடைத்தால்தானே விசாரிக்கலாம் என்று பதில் வந்தது.

மூன்றாம் வாரம் பிரான்சிஸ்காவுக்கு ஒரு புத்தி வந்தது. சேலையை இரண்டாக மடித்துக் கொட்டில் வளைமரத்தில் கயிற்றால் கட்டி, தனக்கே ஓர் ஏணை செய்தாள். கயிற்றில் சுண்ணாம்பைப் பூசினாள். மூட்டையால் அதைத் தாண்ட முடியவில்லை. ஜுனைதாவுக்கும் ஒன்று கட்டிக்கொடுத்தாள். இரண்டு பெரிய பெண்கள் குழந்தைகளைப் போலத் தொங்கியபடி தூங்கினார்கள். பதினாறு நாளில் பிரான்சிஸ்காவின் உடம்பு துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி ஆயிற்று. ஒரு புள்ளி இல்லை.

அந்தச் செவ்வாய் அவள் விடியுமுன் குளித்து, தலை வாரி, மேட்டின் விளிம்பில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போகிற ஆள்போலக் கையில் துணிமூட்டை.

துரை முதலில் ஜுனைதாவைப் பார்த்தார். பொருக்கு உதிர்ந்து, வெந்த இடமெல்லாம் குழி குழியாக வெளுத்திருந்தது. துரைக்குப் பரம திருப்தி. "நோய் மாறியது" என்று உடனே ஒரு சேட்டிபிக்கட் எழுதினார். பிறகு தூரக்கண்ணாடி பிரான்சிஸ்காவின் பக்கம் திரும்பியது, திரும்பியபடியே நின்றது. மேலும் கீழும் போனது.

"வடு எங்கே என்று துரை கேட்கிறார்."

"வடு இல்லை முதலியார். எல்லாம் சுகம்."

"வைசூரி வடு இல்லாமல் மாறாதாம். வடு இல்லை என்றால் மாறவில்லை. வெளியே தெரியாதபடியால் உள்ளே போயிருக்கிறது. அதுதான் ஆகப் பயங்கரமான கட்டமாம். இனி நாள் கணக்கே இல்லை."

அவள் துணிமூட்டையை நிலத்தில் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

துரையும் முதலியாரும் போனபின் அல்பிரட் மட்டும் கொஞ்சம் பிந்தினார். உண்மையில் அவர் கெட்டவர் அல்ல, உத்தியோகஸ்தர். மேட்டின் கீழே நின்று, ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு முதல் கிழமையே விளங்கிட்டுது, அது மூட்டைதான் எண்டு. ஆனால் நான் வைசூரி எண்டு தந்தி அடிச்சிட்டன். கச்சேரி கொழும்புக்கு அடிச்சுது. கொழும்பு சீமைக்கு அடிச்சுது. அறுநூறு பேருக்குப் பால் குத்தியாச்சு. சந்தை மூடியாச்சு. எனக்கு முகாந்திரம் பட்டத்துக்குப் பேர் போயிருக்கு. இப்ப நான் சீமைக்கு ஒரு தந்தி அடிச்சு, மன்னிக்கவேணும், அது மூட்டை எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீயே சொல்லு. நீ என்ர இடத்தில இருந்தால் சொல்லுவியா?"

"நீங்கள் என்ர இடத்தில இருந்து பாருங்கோ ஐயா," என்றாள் அவள். அல்பிரட் இருபது அடியை இருபத்தைந்து ஆக்கிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஜுனைதா திரும்பி வந்தாள், கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு. காவலாள் தடுத்தான். அவள் சேட்டிபிக்கட்டை நீட்டினாள். "எனக்கு வந்து மாறிட்டுடா. இனி வராது. கவுமெந்தே செல்லுது." அவன் விலகினான்.

அவள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மணலில் குந்தினாள்.

"ராத்தா, கண்டக்குழிப் பக்கம் போனீங்களா?"

"போனன்."

"பிள்ளை?"

"ஒண்ட மதினி ஆட்டுப்பாலு பருக்கிறா. தண்ணி விட்டுக் காச்சித்தான் பருக்கிறா, பாவம். வயித்துல நிக்கிதில்ல. குடிச்ச கையோட கக்குது." ஜுனைதா மணலைக் கிளறினாள். "கால் ரெண்டும் ஈர்க்கு மாதிரி. அழக்கூட சத்தம் இல்ல புள்ள. நான் பொய் செல்ல மாட்டன்."

பிரான்சிஸ்கா ஜுனைதாவின் கன்னத்துக் குழிகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினாள். "ராத்தா, பச்சை முந்திரிக்கொட்டை எடுக்கலாமா?"

"எனத்துக்கு?" என்று கேட்டவள், கேட்டு முடிக்குமுன் விளங்கி, வாயில் கையை வைத்தாள். "பைத்தியமா ஒனக்கு? மொகத்திலயா? இருவத்தாறு வயசு! கையில வெச்சாப் போதாதா?"

"துரை முகத்தைத்தான் பாப்பார்."

"ஒண்ட மாப்புள என்ன செல்லுவாரு?"

"அவர் என்னத்தையும் சொல்லட்டும். அவள் அழுற சத்தம் எனக்குக் கேக்கவேணும், ராத்தா."

மறுநாள் ஜுனைதா கொட்டை கொண்டுவந்தாள். உச்சி வெயிலில் கொட்டிலுக்கு வெளியே இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஜுனைதா ஓட்டை உடைத்து, கறுத்த பாலில் ஈர்க்கைத் தோய்த்து, "பிஸ்மில்லா" சொல்லி, முதல் பொட்டை நெற்றியில் வைத்தாள். பிரான்சிஸ்கா மாதாவின் அருள்நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். மூன்றாவது பொட்டில் மந்திரம் நின்றுவிட்டது. முனகல் மட்டும் இருந்தது. ஏழாவது பொட்டில் ஜுனைதா ஈர்க்கை எறிந்துவிட்டு அழுதாள். "போதும் புள்ள, எனக்கு ஏலா."

"அங்கால கன்னம்," என்றாள் பிரான்சிஸ்கா.

இரண்டாம் நாள் கொப்புளம் எழும்பியது. செவ்வாய்க்கிழமை துரை தூரக்கண்ணாடியை வைத்தவுடன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளே போன நோயை அரசாங்க வைத்தியம் வெளியே இழுத்துவிட்டது என்று முதலியார் மொழிபெயர்த்தார். வைத்தியம் என்று அங்கே நடந்தது சுண்ணாம்பு மட்டுமே. ஆகவே சுண்ணாம்பைப் பற்றித் துரை ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் சொன்னார். கொப்புளம் உடைந்து, பொருக்காகி, பொருக்கு உதிர்ந்தது. பதினாறு நாள் ஒழுங்காகப் போயிற்று. அவளுடைய உடம்பில் முதல் தடவையாக எல்லாம் விதிப்படி நடந்தது.

வெளியே விடும் நாளில் கடற்கரையில் பத்துக் கதிரை போட்டார்கள். படம் பிடிக்க ஒருவர் வந்திருந்தார். வடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று பிரான்சிஸ்காவை வெயிலைப் பார்த்து நிற்கவைத்தார்கள். துரை பேசினார்; முதலியார் தமிழில் முழங்கினார்: "இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு கரையில் வைசூரி கண்டது. ஒரே ஒரு கரையில் ஒழிந்தது. நோய் எங்கே இருக்கும் என்று நாங்கள் தீர்மானித்தோமோ அங்கேயே இருந்தது. போ என்றதும் போய்விட்டது. இந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்! இது நோயின் அடையாளம் அல்ல. அரசாங்கம் இவள்மேல் வைத்த கையெழுத்து!"

கை தட்டினார்கள். நன்றி சொல்லும்படி அவளிடம் கேட்டார்கள். "நான் போகலாமா?" என்றாள் அவள். முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று நிமிடம் எடுத்தது. துரை கண் கலங்கினார்.

வீடு வரைக்கும் அவள் ஓடினாள். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மனுவேல் நிமிர்ந்து, ஆர் வேணும் என்று கேட்க வாயெடுத்து, அப்படியே நின்றான். மாக்கிறட் ஓவென்று அழுதாள். "என்ர மச்சாள்! இதென்ன கோலம்!"

"பிள்ளையைத் தா."

இசபெல் தாயின் முகத்தைக் கண்டு வீரிட்டாள். சத்தம் மெலிந்துதான் இருந்தது, ஆனாலும் சத்தம். பிரான்சிஸ்கா முந்தானையைத் தன் முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, திண்ணைக் குந்தில் இருந்து, பிள்ளையை மார்போடு அணைத்தாள். குழந்தை முதலில் தலையைத் திருப்பியது. பிறகு முகர்ந்தது. பிறகு கவ்விக்கொண்டது. எட்டு வாரம் மணலுக்குக் கொடுத்துக் காப்பாற்றிய பால் சுரந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது; அழுகையா சிரிப்பா என்று மனுவேலுக்குத் தெரியவில்லை.

வண்டிச் சத்தமும் அப்போதுதான் கேட்டது. அல்பிரட் இறங்கி, வேலிக்கு வெளியே இருபது அடி அளந்து நின்றார்.

"இவ்வளவு நாளும் உன்ர வருத்தம் சந்தேகம்," என்று கூவினார். "சந்தேகத்துக்கு நோயாளியை மட்டும் கொண்டுபோறது சட்டம். இப்ப வடு வந்து நிச்சயமாயிட்டுது. நிச்சயத்துக்கு முழு வீடும். புருசன், மச்சாள், பிள்ளை. பதினாறு நாள்."

"நானும் வாறன்."

"நீ வரேலாது. மாறின ஆளைக் கொட்டில்ல அனுமதிக்கக்கூடாது. பிள்ளையை மச்சாள் கொண்டுவரட்டும்."

மனுவேல் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பிரான்சிஸ்கா கையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னாள்.

"ஐயா, கொட்டில்ல ஆக்களைப் பாக்கிறது ஆர்?"

"அற்றெண்டன்."

"நான் எட்டுக் கிழமை இருந்தனான். ஒரு அற்றெண்டனையும் காணேல்ல."

"வேலை காலியாய்க் கிடக்கு. வைசூரி வந்து மாறின ஆளைத்தான் எடுக்கலாம். கேக்கப் போன எல்லாரும் ஓடிட்டினம். இந்த மாவட்டத்தில அப்பிடி..." அல்பிரட் பாதியில் நின்றார்.

பிரான்சிஸ்கா முந்தானையை விலக்கி, முகத்தை முழுதாக அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் படிவத்தை எடுத்தார். வைசூரி வந்ததா: ஓம். மாறியதா: ஓம். வடு: உண்டு. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. நாலு மாதத்தில் அவர் நிரப்பிய படிவங்களில் இப்படி ஒன்று அமைந்ததே இல்லை. அவருக்கு மறுக்க வழி தெரியவில்லை. எழுதினார்.

"சரி, நீதான் அற்றெண்டன். ஏறு. நேரம் போகுது."

"மாக்கிறட், பெரிய கிடாரத்தை வண்டியில ஏத்து," என்றாள் பிரான்சிஸ்கா. "போன உடன கட்டிலெல்லாத்துக்கும் சுடுதண்ணி ஊத்தவேணும்."

"ஏறு எண்டு சொன்னனான்!"

"பிள்ளை குடிச்சு முடியட்டும் ஐயா."

அவள் குழந்தையை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். வண்டி மாடுகள் வாலை வீசின. அல்பிரட் தொப்பியைக் கழற்றி விசிறினார், கழுத்தைச் சொறிந்தார், நேரத்தைப் பார்த்தார். இசபெல் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, இடையிடையே நிறுத்தி மூச்செடுத்து, குடித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் வெயிலில் காத்து நின்றது.